கரடி வேஷத்து வைக்கோல்

சின்னப்பா,

இது உன் அப்பன் கையெழுத்து. நான் சொல்ல வேறு யாரோ எழுதியதில்லை. எதிர்வீட்டு மேரி காலேஜுக்குப் போய்வந்து மாலையில் கோயில் கொட்டகையில் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள் அல்லவா, அவளிடம் பிழையை மட்டும் பார்த்துக்கொடு என்று சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தெரியாத ரகசியம் இதில் ஒன்றும் இல்லை, தெருவுக்கே தெரிந்ததுதான். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும். களையெடுக்க என்னைக் கூப்பிடுகிற காலம் போய்விட்டது. ஒரு வரியை எழுதி முடித்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னிடமிருந்து இது வந்ததா என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. உன் அம்மா, "வெதச்சவன் மாதிரி பாத்துக்கினு குந்தினுக்கிறீங்களே, மொளைக்கவா போவுது?" என்று கிண்டல் செய்கிறாள். முளைக்காது என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். ஃபோனில் நீ "ஒண்ணுமில்லப்பா" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் எனக்குப் பேச்சு வருவதில்லை. காகிதத்தில் நீ குறுக்கே வர முடியாது.

விபூதிப் புதனுக்கு முந்தின சனிக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தரையெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. அதில் மேளமும் ஊதுகுழலுமாக ஒரு கூட்டம். மீசைக்கார ஆள் ஒருவன் கல்யாணப் பெண்ணாக வருகிறான், ஒரு பெண் மாப்பிள்ளையாகத் தொப்பி போட்டுக்கொண்டு அவன் கையைப் பிடித்திருக்கிறாள். இன்னொருவன் எதிரில் வருகிறவர்கள் கன்னத்தில் எல்லாம் கரியைத் தடவுகிறான். இரண்டு பேர் ஒரு துணிக்குள் புகுந்துகொண்டு குதிரையாக வருகிறார்கள். நடுவில் ஒரு கரடி. உடம்பு முழுவதும் வைக்கோல் புரி சுற்றி, இடுப்பில் சங்கிலி கட்டி, அந்தச் சங்கிலியை ஒரு சிவப்பு மூஞ்சிக்காரன் பிடித்து இழுத்து வருகிறான். கரடி தன் தலையைக் கழற்றியதும் உள்ளே பார்த்தால் நீ. வேர்த்து வழிந்துகொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு. உன் அம்மா, "ஐயோ, எம் புள்ளைய சங்கிலி போட்டு இழுத்துக்கினு போறானே" என்று அலறிவிட்டாள்.

பிறகு நீ ஃபோனில் எங்களுக்கு விளக்கினாய். "நம்ம தவக்காலந்தாம்பா. அவங்களும் நம்ம வேதந்தான். நாப்பது நாளு கறி கெடையாதில்ல, அதுக்கு முன்னாடி பன்னி அடிச்சி, தின்னு ஆடித் தீத்துக்கறாங்க. மசோபுஸ்ட்டுன்னு பேரு. கறிய விடறதுன்னு அர்த்தமாம்." அப்படியென்றால் புதன்கிழமையிலிருந்து கறி தின்னமாட்டார்களா என்று நான் கேட்டேன். "அதெல்லாம் இப்ப யாருப்பா பாக்கறாங்க? கோயிலுக்கே பாதி பேரு போறதில்ல. நோம்பு போயிடுச்சி, கூத்து மட்டும் நிக்குது" என்றாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கமாட்டேன். ஊர்வலம் கிளம்பும் முன்னால் ஊர்த் தலைவர் வாசலில் நின்று அனுமதி கேட்பார்கள், அவர் தலையாட்டியதும் ஒரு வீடு விடாமல் எல்லா வீட்டுக்கும் போவார்கள் என்றாயே, அதைத்தான் நான் உன்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னேன். கதவைத் தட்டினால் வீட்டுக்காரர்களே வெளியே வந்து, உள்ளே பழப்பாகு வைத்துப் பொரித்த பணியாரம் கொடுக்கிறார்கள். வீட்டுப் பெண் கரடியின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் ஆடுகிறாள். கரடி எவ்வளவு உயரம் குதிக்கிறதோ அவ்வளவு உயரம் அந்த வருஷம் கோதுமை வளருமாம். அதற்காக உன்னைக் குதிக்கச் சொல்கிறார்கள், நீயும் குதிக்கிறாய். கரடி உடம்பிலிருந்து ஒரு பிடி வைக்கோலை உருவிக்கொண்டுபோய்க் கோழியும் வாத்தும் அடைகாக்கும் இடத்தில் போட்டால் குஞ்சு நன்றாகப் பொரியுமாம். உருவிக்கொண்டு ஓடுகிறார்கள். சாயங்காலத்துக்குள் கரடி பாதி மொட்டை.

சின்னப்பா, நம் ஊரில் நான் பிறந்து வளர்ந்து கிழவனாகியும் ஊர்த்தெருவில் ஒரு வீட்டு வாசற்படி ஏறியதில்லை. டீக்கடையில் நமக்கென்று தனி கிளாஸ் இருந்த காலத்தில் வளர்ந்தவன் நான். அவர்கள் நிலத்தில்தான் என் முதுகு வளைந்தது. அவர்கள் வீட்டுக்குள் எந்த நிறத்தில் சுவர் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. என் மகன் கடல் கடந்து போன தேசத்தில் ஒவ்வொரு வாசலும் அவனுக்காகத் திறக்கிறது, அவன் உடம்பில் இருக்கும் வைக்கோல் ராசியானது என்று வெள்ளைக்காரி பிடுங்கிக்கொண்டு போகிறாள் என்றால், நான் சிரிக்காமல் இருப்பேனா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று எல்லோருக்கும் வீடியோவைக் காட்டினேன். பக்கத்து வீட்டு லூர்து, "மாமா, உம் புள்ளைய இங்க ரெண்டு குதி குதிக்கச் சொல்லு. நம்ம காட்டுல மல்லாட்டை தூக்கிக்கினு வரட்டும்" என்றாள். "மல்லாட்டைக்குக் குதிச்சா ஆவாது, அது மண்ணுக்குள்ள எறங்கற கடலப் பயிரு, அதுக்குப் படுக்கணும்" என்று நானும் பதிலுக்குச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மண்ணுக்குள் படுத்திருக்கும் உன் அண்ணன் ராயப்பன் அவளுக்கு ஞாபகம் வந்திருப்பான்.

அந்த வீடியோவில் இன்னொன்றும் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் பணியாரத் தட்டோடு ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாஸும் வந்தது. கரடி தலையை அண்ணாந்து வாய் ஓட்டை வழியாக அதை ஊற்றிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பிளம்ஸ் பழத்தில் காய்ச்சுகிற சாராயம், வந்தவர்களுக்கு மரியாதைக்குக் கொடுப்பது என்று நீதான் சொன்னாய். நான் கதவு திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிளாஸும் என் கண்ணில் பட்டதுதான், மனதில்தான் படவில்லை.

போன வாரம் உன் ஃபேக்டரியில் வெல்டிங் பார்க்கும் கோலியனூர் செல்வம் லீவில் ஊருக்கு வந்தான். அடுத்த நாளே விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து நம் வீட்டுக்கு வந்துவிட்டான். நல்ல பிள்ளை. நீ கொடுத்தனுப்பிய சாக்லேட்டையும் அம்மாவுக்கு ஸ்வெட்டரையும் எடுத்து வைத்தான். திண்டிவனத்து வெயிலுக்கு ஸ்வெட்டர்! கடைசியாக இறுக்கிக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொடுத்து, "அம்மா, இத உங்க கோழிக்குப் போடச் சொல்லிக் குடுத்தாப்ல" என்றான். உள்ளே ஒரு பிடி வைக்கோல். உன் கரடி வேஷத்தில் நெஞ்சுப் பக்கம் மிஞ்சியது என்றான்.

உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நம் கோழி ஒன்று அடைக்கு உட்காரும் நேரம்தான் அது. கூடையை இழுத்துப் போட்டு, கவரைப் பிரித்து, வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளினாள். அள்ளியவள் அப்படியே முகத்துக்குக் கொண்டுபோனாள். பிள்ளை மேலிருந்த வைக்கோல் ஆயிற்றே, முகர்ந்து பார்ப்பாள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். முகர்ந்தவள் நிமிரவில்லை. இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னாம்மா?" என்றான் செல்வம்.

"ராயப்பன் சட்டை" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். உன் அண்ணன் உயிரோடு இருந்தவரை தினமும் அவன் கழற்றிப் போடும் சட்டையை அவள் முகர்ந்து பார்ப்பாள், உனக்குத் தெரியும். இன்றைக்குக் குடித்தானா இல்லையா என்று அவளுக்கு அவன் வாய் சொல்ல வேண்டியதில்லை, சட்டை சொல்லிவிடும். நானும் அந்த வைக்கோலை வாங்கி முகர்ந்தேன். கரடி வாய் ஓட்டையில் ஊற்றியது பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் வழிந்து நெஞ்சு வைக்கோலில் ஊறி, கட்டின கவருக்குள் அப்படியே தங்கியிருக்கிறது. பழ வாசனையும் இருந்தது. ஆனால் அடியில் இருந்தது அதே வாசனைதான். கடலைத் தாண்டினாலும் அதற்கு வேறு வாசனை வருவதில்லை.

செல்வத்தை நான் விடவில்லை. "திருவிழாவுல எல்லாரும் குடிக்கறதுதானே தம்பி?" என்று மெதுவாகக் கேட்டேன். அவன் ஆமாங்க ஆமாங்க என்று ஸ்வெட்டரையே மடித்துக்கொண்டிருந்தான். உன் அம்மா அவன் கையைப் பிடித்தாள். "கண்ணு, உன்ன எம் புள்ளையா நெனச்சிக் கேக்கறேன். திருவிழா முடிஞ்சிப் போச்சில்ல, இப்ப எப்பிடிக்கீறான்?" அவனால் பொய் சொல்ல முடியவில்லை. "காத்தால ஷிப்டுக்குப் போறப்பவே லைட்டா போட்டுக்கினுதாம்மா போறாப்ல. கை நடுங்குதுங்கறாப்ல. நடுங்கற கையில வெல்டிங் புடிக்க முடியாதில்லீங்க. போட்டாத்தான் கை நிக்குதாம்" என்றான். சொல்லிவிட்டு, நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினான். எழுதிவிட்டேன். அவன்மேல் கோபப்படாதே.

கை நிற்பதற்குக் குடிப்பது எந்தப் படி என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். நாமெல்லோரும் சேர்ந்து பார்த்தோம். உன் அண்ணன் காணை பக்கம் கரும்பு வெட்டப் போனபோது அவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. அங்கே சாயங்காலம் கூலியோடு ஒரு கோட்டர் பாட்டிலும் கொடுத்தார்கள். உடம்பு வலி போகும், நாளைக்கும் வருவான் என்பதற்காக. தண்ணீர் கேட்டால் கையில் ஊற்றுகிற மனுஷர்கள் சாராயத்தை மட்டும் கையில் கொடுத்து, தோளைத் தட்டி, "சாப்புட்றா" என்றார்கள். ராயப்பன் அந்தத் தோள் தட்டலைத்தான் முதலில் குடித்தான் என்று எனக்குத் தோன்றும். நீ அங்கே போன முதல் மூன்று குளிர்காலமும் பேச ஆளில்லாமல் அறைக்குள் உட்கார்ந்திருந்ததும், பிறகு அந்த ஊர்க்கார மிரெக் வந்து உன்னைக் கரடியாக வரச் சொன்னதும், உனக்குப் பாவெல் என்று பெயர் வைத்ததும் நீயே சொன்ன கதைகள்தான். சின்னப்பன் என்றாலும் பாவெல் என்றாலும் ஒரே அப்போஸ்தலர்தான் அப்பா என்று எவ்வளவு பூரிப்பாகச் சொன்னாய். யார் வீட்டிலும் உன்னைக் கேவலமாக நடத்தவில்லை. உன்னைக் கெடுக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. சந்தோஷத்தில் கொடுக்கிறார்கள். அதனால்தான் எனக்கு வழியே தெரியவில்லை. பகையாளி கொடுத்தால் வாங்காதே என்று சொல்லலாம். கதவைத் திறந்துவிடுகிறவன் கொடுத்தால் என்ன சொல்வது?

கயிறு கட்டிக்கொள் என்று சொல்லமாட்டேன். உன் அண்ணன் கட்டிக்கொண்டான். முனீஸ்வரன் கோயிலில் குடியை விடுவதாகச் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிவிடுவார்களே, அதற்கு அவனுடைய கூட்டாளிகள் கூட்டிப்போனார்கள். உன் அம்மா, "ஞானஸ்நானம் வாங்கின கையில முனீஸ்வரன் கயிறா?" என்று ஒரு பாட்டம் கத்திவிட்டு, மறுநாள் அவளே அந்தக் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கயிற்றுக்குப் பேசின கெடு தீர்ந்த காலையில் கடை திறக்கும் முன்னால் அவன் கடை வாசலில் நின்றான். அடுத்த வருஷம் தவக்காலம் முழுவதும் காவி கட்டினான். ஒரு சொட்டுத் தொடவில்லை. முகம் தெளிந்தது, சோறு இறங்கியது, உன் அம்மா பெண் பார்க்கக்கூடத் தொடங்கினாள். உயிர்த்த ஞாயிறு பூசையில் எங்கள் நடுவில் நின்று பாட்டுப் பாடியவன் மத்தியானத்துக்குள் வேலி ஓரம் கிடந்தான். அவன் குடித்த நாட்கள் எங்களை அவ்வளவு அடிக்கவில்லை, சின்னப்பா. நிறுத்திய நாட்கள்தான் அடித்தன. ஒவ்வொரு தடவையும் நாங்கள் நம்பினோம். கடைசியில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் வயிறு ஊதிக் கண் மஞ்சளாகக் கிடந்தபோதும், "எழுந்து வந்தா தொடமாட்டம்பா" என்றான். அப்போதும் உன் அம்மா நம்பினாள். அடக்கத்தை நீ ஃபோனில்தான் பார்த்தாய். குழிக்குள் பெட்டி இறங்கியபோது நீ அங்கே ஃபேக்டரி கக்கூஸில் நின்று அழுதாய் என்று செல்வம் இப்போதுதான் சொன்னான்.

அதனால் நாற்பது நாள் விடு என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ சரி என்று சொல்லிவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. கரடி வேஷத்தை விட்டுவிடு என்றும் சொல்ல முடியாது. அந்த வேஷம் இல்லாவிட்டால் நீ மறுபடி அந்த அறைக்குள் போய் உட்காருவாய், அறைக்குள்ளும் பாட்டில் இருக்கும். ஊருக்கு வந்துவிடு என்று சொல்லலாம். வந்தால் நம் தெருமுனையில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? எந்தப் பக்கம் கையை நீட்டினாலும் அந்தக் கிளாஸ்தான் நிற்கிறது. ஆஸ்பத்திரியில் காட்டு என்கிறாள் மேரி. அந்த ஊரில் இதற்கென்று டாக்டர் இருப்பார், பாவெல் போனால் பார்ப்பார் என்கிறாள். படித்த பிள்ளை, நம்பிக்கையாகச் சொல்கிறாள். அவள் சொன்னதை நான் எழுதிவிட்டேன். போனால் நல்லது. நீ போவாய் என்று நான் நினைக்கவில்லை. உன் அண்ணனைப் பார்த்தவன் நான்.

அந்த வீடியோவின் கடைசிப் பகுதியை இப்போது தினமும் பார்க்கிறேன். ஊர்வலம் முடிந்ததும் ஊர் நடுவில் குதிரைக்குத் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஊரில் அந்த வருஷம் நடந்த அத்தனை பாவமும் அந்தக் குதிரை செய்ததுதான் என்று ஒருவன் நீட்டி வாசிக்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கிறது. குதிரை பனியில் விழுகிறது. பெண்கள் பொய்யாக ஒப்பாரி வைக்கிறார்கள். பிறகு ஒருவன் பாட்டிலைக் கொண்டுவந்து செத்த குதிரையின் வாயில் ஊற்றுகிறான். அது காலை உதைத்துக்கொண்டு எழுந்து ஆடுகிறது. கரடியும் அதைக் கட்டிப்பிடித்து ஆடுகிறது. முதலில் பார்த்தபோது நானும் உன் அம்மாவும் கைதட்டினோம். இப்போது உனக்கு ஒன்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அந்தக் குதிரைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள் சின்னப்பா. ஒருவன் விழுந்தாலும் இன்னொருவன் தூக்கிக்கொள்வான். கரடிக்குள் நீ ஒருவன்தான்.

அந்த வைக்கோலை என்ன செய்தோம் என்று கேட்பாய். உன் அம்மா வெயிலில் காயப்போட்டாள். காய்ந்த இரண்டு நாளும் வாசனை போனதா என்று முகர்ந்து பார்த்தாள். போய்விட்டது என்று அவள் சொல்கிறாள், எனக்கு இன்னும் அடிக்கிறது. கூடையில் போட்டு முட்டையை வைத்துக் கோழியை உட்கார வைத்துவிட்டாள். "எம் புள்ள குடுத்தனுப்பினது, வீணாப் போவக்கூடாது" என்கிறாள். குஞ்சு பொரித்தால் மறுபடி அவள் நம்ப ஆரம்பித்துவிடுவாள் என்று நான் அந்தக் கூடைப் பக்கமே போவதில்லை.

நான் எழுத்துப் படித்ததற்குக் காரணம் உனக்கு இதுவரை சொன்னதில்லை. ராயப்பன் சிலுவையில் பெயின்டர் எழுதிய பெயர் மழையில் அழிந்துபோனது. கல்லறைத் திருநாளுக்கு எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பெயரைப் புதிதாக எழுதுவார்கள். நான் யாரையாவது கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் மேரியிடம் போய் உட்கார்ந்தேன். போன கல்லறைத் திருநாளில் நானே கறுப்புப் பெயின்ட்டும் பிரஷும் எடுத்துப்போய் என் மகன் பெயரை எழுதினேன். கை நடுங்கவில்லை. நேராக வந்தது. லூர்து நின்று பார்த்துவிட்டு, "அச்சு மாதிரி கீது மாமா" என்றாள். கல்லறையில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்ட மனுஷன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முகவரியை மேரி இங்கிலீஷில் எழுதித் தருவாள். அதற்குமேலே உன் பெயரைத் தமிழில் நானே எழுதப்போகிறேன். நேற்று முழுவதும் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ராயப்பன் பெயரைவிட உன் பெயர் அழகாக வருகிறது. வந்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது, அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். என் கையால் உன் பெயரை இந்த உறையின்மேல் எழுதுகிறேன். வேறெங்கும் எழுத வைத்துவிடாதே.

உன் அப்பா